களம் வளர்த்த ஆசிரியர்

நுழையும்முன்

வென்ற அணியின் பெயரை நாடு நினைவில் கொள்கிறது. கோல் அடித்தவரின் பெயரும் ஏடுகளில் நிலைக்கிறது. ஆனால், ஆடவேண்டிய பதினொருவர் யார், கோட்டுக்கு வெளியே அமரவேண்டியவர் யார் என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் முடிவுசெய்தவரைப் பலரும் அறிவதில்லை. இளையோரைக் கண்டறிவதும், அவர்களுள் ஒருவருக்கும் வாய்ப்பு மறுக்கப்படாமல் பார்ப்பதும் விளையாட்டுத்துறையின் மிகக் கடினமான பணிகள். அப்பணியைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் செய்தார். இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தை உருவாக்கிய அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆசிரியரும் ஆட்டக்காரரும்

சையத் அப்துல் ரகீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அந்நாளில் ஐதராபாத் நிசாம் மன்னர்களின் ஆட்சிக்கு உட்பட்ட தனி அரசின் தலைநகரம். அங்கிருந்த உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். பல்கலைக்கழக அணிக்காகவும் நகரக் கழகங்களுக்காகவும் கால்பந்து ஆடினார். ஆனால், ஆட்டக்காரராகப் பெற்ற புகழைவிட ஆசிரியராகப் பெற்ற பட்டறிவே அவருடைய பிற்கால வாழ்வை வடிவமைத்தது.

காச்சிகுடா நடுநிலைப்பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப்பள்ளி, சாதர்காட் உயர்நிலைப்பள்ளி முதலிய பள்ளிகளில் ரகீம் பணியாற்றினார். பின்னர் உடற்கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளி விளையாட்டுகளின் பொறுப்பை ஏற்றார். வகுப்பறை அவருக்கு ஓர் உண்மையைக் கற்றுத்தந்தது. நாற்பது மாணவர் அமர்ந்துள்ள வகுப்பில், கேட்ட வினாவுக்கு முதலில் கைதூக்குபவன் ஒருவன் இருப்பான். அவனையே திரும்பத் திரும்ப எழுப்பினால் பாடம் விரைவாக நகரும். ஆனால், மற்றவர்கள் கற்கமாட்டார்கள். மைதானத்திலும் நிலை இதுவே. பந்தை லாவகமாகக் கடத்தும் ஒருவனையே நம்பி ஆடும் அணி ஓரிரு போட்டிகளில் வெல்லலாம். அது ஒரு தலைமுறையை உருவாக்காது. மாணவர் அனைவரையும் கற்கச் செய்யும் ஆசிரியரின் கண்ணோடு ரகீம் கால்பந்தை நோக்கினார். அவரைச் சூழ்ந்திருந்தோர் அவரை ரகீம் சாகிப் என்று மதிப்போடு அழைத்தனர்.

குட்டையோருக்கும் ஒரு போட்டி

1943ஆம் ஆண்டு ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராக ரகீம் பொறுப்பேற்றார். இறக்கும் நாள்வரை அப்பொறுப்பில் இருந்தார். பதவியைப் பெருமைக்குரிய நாற்காலியாகக் கருதாமல், இளையோரை வளர்க்கும் கருவியாக அவர் பயன்படுத்தினார். அவர் ஏற்பாடு செய்த சிறுவர் போட்டிகள் அக்காலத்தில் புதுமையானவை.

அவற்றுள் ஒன்று, பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளைக் கடந்து ஓடுவதற்குத் தடைவிதித்த போட்டி. பந்து வந்தவுடன் அதனைத் தோழனுக்குத் தட்டிவிட வேண்டும். இவ்விதியினால் இரண்டு பயன்கள் விளைந்தன. பந்து வருமுன்னரே அதனை எங்கே அனுப்புவது என்று சிந்திக்கும் பழக்கம் சிறுவருக்கு உண்டாயிற்று. மேலும், திறன்மிக்க ஒருவனே பந்தைத் தன்வசம் வைத்திருக்க இயலாமையால், அணியிலுள்ள அனைவரின் கால்களுக்கும் பந்து சென்றது.

மற்றொன்று, வலுக்குறைந்த காலுக்கு உரிய போட்டி. வலக்கால் பழக்கமுடையோர் இடக்காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். இடக்கால் பழக்கமுடையோர்க்கு வலக்கால். ஒரு காலை மட்டும் நம்பி ஆடும் வீரரை எதிரணி எளிதில் அடைத்துவிடும். இரு கால்களும் பழகியவரோ எப்பக்கமும் திரும்புவார். அன்றியும், இப்போட்டியில் தேர்ந்த வீரரும் புதியவரும் ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றனர். நேற்றுவரை முன்னணியில் இருந்தவர் இன்று தடுமாறினார். பின்தங்கியிருந்தவர் தம்மாலும் முடியும் என்று நம்பிக்கை கொண்டார்.

மூன்றாவது, உயர வரம்பு வகுத்து நடத்திய போட்டி. ஒரே வயதுடைய சிறுவர் எல்லாரும் ஒரேவிதமாக வளர்வதில்லை. பன்னிரண்டு வயதிலேயே நெடிது வளர்ந்தவன், வளர்ச்சி பின்தங்கிய ஒருவனைத் தோளால் தள்ளிவிட்டுப் பந்தைப் பறித்துவிடுவான். பார்ப்பவர் அதனைத் திறன் என்று எண்ணுவர். உண்மையில் அது உடல் முந்தி வளர்ந்ததன் விளைவு. குறிப்பிட்ட உயரத்துக்கு உட்பட்டோர் மட்டுமே ஆடலாம் என்ற விதி, சிறிய உருவமுடைய சிறுவருக்கும் தம் திறனைக் காட்ட இடந்தந்தது.

இன்று பல நாடுகளின் இளையோர் கால்பந்துக் கழகங்கள் இச்சிக்கலைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்கின்றன. வயதுக் கணக்குத் தொடங்கும் மாதங்களில் பிறந்தவர்கள், அதே ஆண்டின் இறுதியில் பிறந்தவர்களைக் காட்டிலும் இளையோர் அணிகளில் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். பத்து வயதில் ஒன்பது மாத இடைவெளி பெரிது. மூத்தவன் தேர்வாகிறான், நல்ல பயிற்சியும் மிகுதியான ஆட்டங்களும் அவனுக்கே கிட்டுகின்றன, அதனால் மேலும் சிறக்கிறான். இளையவன் வீட்டுக்குத் திரும்புகிறான். சில ஆண்டுகளில் உடல் வளர்ச்சி சமமாகிவிட்டாலும், இழந்த பயிற்சியை அவனால் ஈடுசெய்ய இயலாது. இதனைத் தவிர்க்கவே, வயதை மட்டும் நோக்காமல் உடல் வளர்ச்சியையும் கருதிச் சிறுவரைக் குழுக்களாகப் பிரிக்கும் முறையைச் சில கழகங்கள் மேற்கொண்டுள்ளன. அறிவியல் கருவிகள் எவையும் இல்லாத காலத்தில், அளவுகோல் ஒன்றைக் கொண்டே ஐதராபாத் ஆசிரியர் இவ்வழியில் அடியெடுத்து வைத்தார்.

காவலர் அணி

1950ஆம் ஆண்டு முதல் ஐதராபாத் நகரக் காவலர் அணியின் பயிற்றுநராக ரகீம் புகழ்பெற்றார். கால்பந்து ஆடுவதால் மட்டும் வாழ்க்கை நடத்த இயலாத காலம் அது. காவல்துறைப் பணி வீரர்களின் குடும்பங்களுக்குச் சோறிட்டது. வாழ்வுக்கு உறுதி கிடைத்தமையால் அவர்கள் கவலையின்றிப் பயிற்சி மேற்கொண்டனர்.

அந்நாளில் இந்தியக் கால்பந்தின் தலைமையிடம் கொல்கத்தா. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய பெருங்கழகங்கள் அங்கே கோலோச்சின. அவற்றுக்கு எதிராகத் தக்காணத்துக் காவலர் அணி எழுந்தது. மும்பையில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பைப் போட்டியில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அவ்வணி வாகை சூடியது. தொன்மையான டூரண்ட் கோப்பையையும் வென்றது. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையை ஐதராபாத் அணி 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும் தொடர்ந்து கைப்பற்றியது. பெருங்கழகங்கள் பிற ஊர்களில் உருவான வீரர்களைச் சேர்த்துக்கொண்டன. ரகீமோ தம் ஊர்ச் சிறுவரிலிருந்தே வீரர்களை உருவாக்கினார். இவ்வெற்றிகளின் வேர், சிறுவர் போட்டிகள் நடந்த புழுதி மைதானங்களில் இருந்தது.

ஒரு மிதிவண்டி

செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடா என்னும் சிற்றூரில் வாழ்ந்த எளிய தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை துளசிதாஸ் பலராம். பந்தாட்டத்தில் பேரார்வம் கொண்ட அவ்விளைஞரின் திறனை ரகீம் கண்டுகொண்டார். ஐதராபாத்துக்கு வந்து பயிற்சி பெறுமாறு பணித்தார். ஆனால், நாள்தோறும் அவ்வளவு தொலைவு வந்துபோகும் செலவைத் தாங்கும் வசதி பலராமின் குடும்பத்துக்கு இல்லை. அவருடைய தயக்கத்தின் காரணத்தை அறிந்த ரகீம், அவர் வந்துபோவதற்கு மிதிவண்டி கிடைக்க வழிசெய்தார்.

பார்ப்பதற்கு இது சிறு உதவி. எனினும், நேர்மையான தேர்வு என்பதன் பொருளை இந்நிகழ்வு விளக்குகிறது. தேர்வு நாளில் மைதானத்துக்கு வந்தோரை ஒரே அளவுகோலால் மதிப்பிட்டால் போதும் என்று பலர் கருதுவர். மைதானத்துக்கு வர இயலாமல் போனவரை அந்த அளவுகோல் எப்படி அளக்கும்? கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, மாவட்ட அணித் தேர்வுக்குக் கள்ளக்குறிச்சிவரை மலைப்பாதையில் இறங்கி வரவேண்டும். நகரத்து மாணவிக்குத் தேர்வு என்பது காலையில் எழுந்து ஆடுவது. மலையூர் மாணவிக்கோ பேருந்தும் பயணச் செலவும் தங்குமிடமும் சேர்ந்ததே தேர்வு. அதனால் ஆட்டம் தொடங்குமுன்னரே இருவருக்கும் இடையே ஒரு வேறுபாடு தோன்றிவிடுகிறது. அவ்வேறுபாட்டைக் கண்டு களைவதும் பயிற்றுநரின் கடமையே என்று ரகீம் தம் செயலால் உணர்த்தினார்.

பலராம் 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டிக்கான இந்திய அணியில் இடம்பெற்றார். அப்போது அவர் இருபது வயதை ஒட்டிய இளைஞர். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் வலிமைமிக்க அங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் ஆகிய மூவரும் இந்திய முன்களத்தின் மும்மணிகள் எனப் போற்றப்பட்டனர்.

டெல்லியும் ஹெல்சிங்கியும்

இந்திய அணியின் பயிற்றுநராக ரகீம் பெற்ற முதற்பெரும் வெற்றி, 1951ஆம் ஆண்டு புதுடெல்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் கிடைத்தது. இறுதியாட்டத்தில் ஈரானை எதிர்த்து மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா தங்கம் வென்றது. நாடு மகிழ்ந்தது.

அடுத்த ஆண்டே அம்மகிழ்ச்சி கலைந்தது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியா 10-1 என்ற கணக்கில் இந்தியாவை வீழ்த்தியது. இந்திய வீரர் பலர் அக்காலத்தில் காலணி அணியாமலே ஆடிப் பழகியவர்கள். வட ஐரோப்பாவின் குளிரிலும் ஈரப்புல்லிலும் வெறுங்கால்கள் வழுக்கின. இத்தோல்விக்குப் பின்னர் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு காலணி அணிவதைக் கட்டாயமாக்கியது.

தோல்வி நேரும்போது குற்றத்தை வீரர்மேல் சுமத்துவது எளிது. ரகீம் தம் பயிற்சி முறையையே மறுஆய்வு செய்தார். 1953ஆம் ஆண்டு இலண்டன் வெம்பிளி மைதானத்தில் அங்கேரி, இங்கிலாந்தை 6-3 என்ற கணக்கில் வென்று உலகை வியக்கவைத்தது. நடு முன்கள வீரர் ஒருவர் சற்றுப் பின்வாங்கி நின்று ஆட்டத்தை நடத்தியதே அவ்வெற்றியின் நுட்பம். அதுபோன்ற புதிய உத்திகளை ரகீம் இந்திய வீரர்க்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தினார். உடல் வலிமையில் ஐரோப்பியருக்கு ஈடுகொடுக்க இயலாத நம் வீரர், விரைவாகப் பந்தைக் கைமாற்றும் ஆட்டத்தால் அக்குறையை நிறைவுசெய்யலாம் என்று அவர் நம்பினார். சிறுவர் போட்டிகளில் அவர் வகுத்த விதிகள், இப்போது நாட்டின் ஆட்டமுறையாக மலர்ந்தன.

மெல்போர்ன் சாதனை

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குச் சமர் பானர்ஜி தலைமையேற்றார். அங்கேரி அணி போட்டியிலிருந்து விலகியமையால் இந்தியா காலிறுதிக்கு நேராக முன்னேறியது. அங்கே போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா அவ்வாட்டத்தில் மூன்று கோல்கள் அடித்து, ஒலிம்பிக் கால்பந்தில் அவ்வாறு செய்த முதல் ஆசியர் என்னும் பெருமையைப் பெற்றார். ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணியும் இந்தியாவே.

அரையிறுதியில் யூகோசுலாவியாவுக்கு எதிராக இந்தியாவே முதல் கோலை அடித்தது. எனினும், 4-1 என்று ஆட்டத்தை இழந்தது. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று நான்காம் இடம் பெற்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல்களை அடித்த அணியை எதிர்த்து, அரையிறுதியில் முன்னிலை பெற்று நின்றதே வளர்ச்சியின் அளவைக் காட்டுகிறது. இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடைந்த மிக உயர்ந்த நிலை இதுவே.

தந்தையும் மகனும்

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியில், தஞ்சாவூர் தந்த சைமன் சுந்தர்ராஜ் உள்ளிட்டோருடன் சையத் ஷாகித் ஹக்கீம் என்னும் இளைஞரும் இடம்பெற்றார். அவர் பயிற்றுநர் ரகீமின் மகன்.

அங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய மூன்று நாடுகள் இந்தியாவின் பிரிவில் இருந்தன. அங்கேரியிடம் 2-1 என்று நூலிழையில் தோற்ற இந்தியா, பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. பெருவிடம் 3-1 என்று தோற்றது. ஆட்டத்தின் இடையே மாற்று வீரரை இறக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. தொடக்கத்தில் களம் இறங்கும் பதினொருவரே இறுதிவரை ஆட வேண்டும். எனவே, பதினொருவருள் இடம்பெறாதவர் உலகப் பெருவிழாவுக்குச் சென்றும் பந்தைத் தொடாமலே திரும்ப நேரிடும். மூன்று ஆட்டங்களுள் ஒன்றில்கூட ஹக்கீம் களம் இறங்கவில்லை.

ஒரு நாள் ஆட்டத்தில் மகனை இறக்கியிருந்தால் எவரும் பெரிதாகக் குறைகூறியிருக்க மாட்டார்கள். ஒலிம்பிக் வீரர் என்னும் பெருமை அம்மகனுக்கு வாழ்நாள் முழுவதும் துணைநின்றிருக்கும். ஆனால், அவர் களத்தில் நிற்கவேண்டுமென்றால் வேறொரு தந்தையின் மகன் வெளியே அமர்ந்திருக்க வேண்டும். அந்த மற்றொருவருக்காகப் பேசுவதற்கு அணிக்குள் பயிற்றுநரைத் தவிர வேறு யாரும் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஜகார்த்தா சென்ற அணியிலும் ஹக்கீமின் பெயர் இடம்பெறவில்லை.

திருக்குறள் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்துள்ளது. ஒரு செயலுக்குத் தக்கவரை ஆராய்ந்து அமர்த்துவதற்குத் தெரிந்துவினையாடல் என்னும் மற்றோர் அதிகாரத்தையும் வகுத்துள்ளது. இரண்டும் ஒருவரிடமே அமைவது அரிது. நடுவுநிலைமை மட்டும் உடையவர் யாரையும் புண்படுத்தாமல் இருக்க முயல்வார். ஆராய்ந்து அமர்த்தும் திறன் மட்டும் உடையவர் வெற்றியையே குறியாகக் கொள்வார். ரகீமிடம் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்திருந்தன.

மகனின் வாழ்வு இத்துடன் முடிந்துவிடவில்லை. ஹக்கீம் இந்திய விமானப்படையில் அலுவலராகப் பணியாற்றினார். படைப்பிரிவு அணிக்காக ஆடினார். பன்னாட்டுக் கால்பந்து நடுவராகவும் பயிற்றுநராகவும் விளங்கினார். 2017ஆம் ஆண்டு தியான் சந்த் விருது பெற்றார். இரு அணிகளுக்கும் பொதுவாக நின்று ஊதுகுழலை ஒலிக்கும் நடுவர் பணியை அவர் ஏற்றது, அவர் வளர்ந்த இல்லத்துக்குப் பொருத்தமானதே.

ஜகார்த்தா 1962

1962ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அப்போது ரகீமின் உடலில் நுரையீரல் புற்றுநோய் குடிகொண்டிருந்தது. எனினும் அவர் அணியோடு சென்றார்.

அவ்வணியைப் பாருங்கள். வங்காளத்தின் சுனி கோஸ்வாமி தலைவர், அவருடன் பி.கே. பானர்ஜி, அருண் கோஷ். பஞ்சாபின் ஜர்னைல் சிங், நாட்டுப்பிரிவினையின் துயரை அனுபவித்தவர். கேரளத்தின் சந்திரசேகரன், கோவாவின் பார்த்துனாதோ பிராங்கோ, கூர்க்கா குடியில் பிறந்த இராம் பகதூர், ஐதராபாத்தின் யூசுப் கான், தமிழ்க் குடும்பங்களில் பிறந்த பலராம், பீட்டர் தங்கராஜ் எனப் பல மொழியினரும் பல சமயத்தினரும் ஓரணியாயினர். சென்னைப் படைப்பிரிவு மைய அணிக்கு ஆடிப் பெயர்பெற்ற தங்கராஜ், ஆசியாவின் சிறந்த கோல்காப்பாளர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 2-0 என்று தோற்றது. அடுத்து, தாய்லாந்தை 4-1 என்றும் சப்பானை 2-0 என்றும் வென்றது. தாய்லாந்து ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. அரையிறுதியில் அவரை ரகீம் முன்களத்துக்கு அனுப்பினார். தடுப்பதையே தொழிலாகக் கொண்டவர், தலையில் கட்டோடு கோல் அடிக்க ஓடினார். தென்வியட்நாம் 3-2 என்று வீழ்ந்தது. ஒரு வீரரின் வழக்கமான இடத்தை மட்டும் பார்க்காமல், அவருக்குள் மறைந்துள்ள ஆற்றலைப் பார்க்கும் ஆசிரியரின் கண் அங்கே வென்றது.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரணி, முதல் ஆட்டத்தில் வென்ற அதே தென்கொரியா. இசுரேல், தைவான் ஆகிய நாடுகளை இந்தோனேசியா போட்டிக்கு அழைக்காததை இந்தியாவைச் சேர்ந்த விளையாட்டு நிர்வாகி சோந்தி கண்டித்திருந்தார். அதனால் சினமுற்ற பெருங்கூட்டம் இந்திய அணிக்கு எதிராக ஆரவாரித்தது. அவ்விரைச்சலின் நடுவே, பாகிஸ்தான் வளைகோல் பந்தாட்ட வீரர்கள் இந்தியாவுக்கு ஆதரவாகக் குரல்கொடுத்ததை நம் வீரர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தனர்.

அன்று ரகீம் எடுத்த முடிவுகளுள் ஒன்று கடினமானது. காய்ச்சலால் வருந்தியிருந்த பீட்டர் தங்கராஜை அவர் கோல்காப்பாளராக நிறுத்தினார். உயர்ந்து வரும் பந்துகளைப் பிடிக்க அவருடைய நெடிய உருவம் உதவும் என்பது கணிப்பு. அம்முடிவால், மற்றொரு கோல்காப்பாளரான பிரத்யுத் பர்மன் இறுதியாட்டத்தில் வெளியே அமர நேர்ந்தது. எல்லாரையும் ஆடவைக்க இயலாது என்பது பயிற்றுநரின் பணியிலுள்ள வலி. தகுதி ஒன்றையே நோக்கி எடுக்கப்பட்ட முடிவையும் ஒருவர் வருத்தத்தோடு ஏற்க வேண்டியிருக்கும். மகனையே வெளியே அமரச்செய்த பயிற்றுநர் அவ்வாறு முடிவெடுக்கும்போது, அதில் வேண்டியவர் வேண்டாதவர் என்னும் பாகுபாடு இருப்பதாக ஐயுறுவதற்கு இடமில்லை.

பதினேழாம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் அடித்தார். மூன்று நிமிடம் கழித்து, தலையில் தையல்களோடு ஆடிய ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். இறுதிக்கட்டத்தில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. 2-1 என்ற கணக்கில் இந்தியா தங்கம் வென்றது.

தெரிந்து தெளிவோம்

ரகீமின் பயிற்சியில் இந்திய அணி பெற்ற நிலைகள்
• 1951, புதுடெல்லி ஆசிய விளையாட்டு – தங்கம்
• 1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக் – முதல் ஆட்டத்தில் தோல்வி
• 1956, மெல்போர்ன் ஒலிம்பிக் – நான்காம் இடம்
• 1960, ரோம் ஒலிம்பிக் – பிரிவு ஆட்டங்கள், பிரான்சுடன் சமன்
• 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு – தங்கம்

மறைவும் நினைவும்

ஜகார்த்தா வெற்றிக்குப் பின் ஓராண்டு நிறைவதற்குள், 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ரகீம் மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. 1960க்குப் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடவில்லை. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் 1970இல் வெண்கலம் வென்றதோடு சரி; தங்கம் மீண்டும் கிட்டவில்லை. அவருடைய வாழ்க்கையைத் தழுவிய இந்தித் திரைப்படம் ஒன்று 2024ஆம் ஆண்டு வெளிவந்து, புதிய தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்தியது.

ஒரு மனிதரின் மறைவால் ஒரு நாட்டின் ஆட்டமே தளர்ந்துவிட்டது என்று கூறுவது மிகை. காரணங்கள் பல உள. ஆயினும், ஒன்றை மறுக்க இயலாது. ரகீம் விட்டுச்சென்ற கோப்பைகளைப் பேணிய அளவுக்கு, அவருடைய சிறுவர் போட்டிகளை நாடு முழுவதும் பரப்ப நாம் முனையவில்லை. தங்கப்பதக்கம் ஜகார்த்தாவில் வெல்லப்பட்டது. ஆனால், அது விதைக்கப்பட்டது பந்தை வைத்துக்கொள்ளாமல் தோழனுக்குத் தட்டிவிடப் பழகிய சிறுவரின் கால்களில்.

இன்று தமிழகத்தின் ஊர்தோறும் பள்ளி அணிகளும் பயிற்சிக் கழகங்களும் இயங்குகின்றன. அவற்றின் வெற்றியைக் கோப்பைகளைக் கொண்டே மதிப்பிடுவோர் பலர். பன்னிரண்டு வயதுச் சிறுவர் போட்டியில் கோப்பை வெல்ல எளிய வழி, உயரமான நால்வரை முழுநேரமும் ஆடவைத்து மற்றவரை வெளியே அமரவைப்பது. அவ்வாறு அமர்ந்திருந்தோருள் பலர் அடுத்த ஆண்டு பயிற்சிக்கு வரமாட்டார்கள். அவர்களுள் ஒரு பலராம் இருந்திருக்கலாம் என்பதை எந்தக் கோப்பையும் நமக்குச் சொல்லாது. கற்கும் பருவத்தில் அனைவருக்கும் வாய்ப்பு, போட்டியின் உச்சத்தில் தகுதிக்கு மட்டுமே இடம் என்னும் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் கடைப்பிடித்ததே ரகீமின் அறம். சிறுவர் மைதானத்தில் அவர் எவரையும் விலக்காமல் விதிகளை வகுத்தார்; நாட்டின் அணியில் தம் மகனுக்காகவும் விதியை வளைக்கவில்லை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளியில் ஏதேனும் ஒரு விளையாட்டுக்கு அணி தேர்ந்தெடுக்கப்படும் முறையைக் கவனித்து, அதிலுள்ள நிறைகளையும் மாற்றவேண்டியவற்றையும் ஒரு பக்க அளவில் எழுதுக.

2. வலுக்குறைந்த காலுக்கு உரிய போட்டியைப்போல, அனைவரும் பங்கேற்கும் வகையில் கபடி அல்லது கைப்பந்து விளையாட்டுக்குப் புதிய விதி ஒன்றை உருவாக்கி, வகுப்பில் விளக்குக.

3. 'பயிற்றுநரின் மகன் என்பதற்காக ஒருவருக்குக் கூடுதல் கண்டிப்புக் காட்டுவதும் நேர்மைக் குறைவே' – இக்கருத்தை ஒட்டியும் வெட்டியும் இரு குழுக்களாகப் பிரிந்து வாதிடுக.

4. தொலைவினாலோ வறுமையினாலோ தேர்வுப் போட்டிகளுக்கு வர இயலாத மாணவருக்குப் பள்ளியும் ஊரும் செய்யத்தக்க உதவிகளைப் பட்டியலிட்டு, உடற்கல்வி ஆசிரியருடன் கலந்துரையாடுக.